பொட்டு வைத்த பெட்டி

என்னை வரச் சொல்லிவிட்டு, வாசலில் என்னைக் கண்டதும் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்ப்பவர்கள் உண்டு. வயர்மேன் எங்கே என்று தேடுகிறார்களாம். நான்தான் வயர்மேன். லைசன்ஸ் என் பேரில் இருக்கிறது, ஏணி என் கார் தலையில் இருக்கிறது, இன்னும் என்ன வேண்டும்? ஆரம்பத்தில் சிரித்து வைப்பேன். இப்போதெல்லாம், "ஆம்பள வயர்மேன்தான் வேணும்னா வேற ஆளக் கூப்பிடுங்கண்ணே, நான் வாரேன்" என்று காரைப் பார்த்துத் திரும்பிவிடுவேன். இதுவரை ஒருவரும் என்னைப் போக விட்டதில்லை.

ஈப்போவிலும் அதைச் சுற்றியும் பழைய வீடுகளின் மெயின் பெட்டியைத் திறந்து பார்த்து, இது தேறும், இது தேறாது என்று சொல்வது என் வேலையில் பாதி. வீடு வாங்குகிறவர்கள் கூப்பிடுவார்கள். பக்கத்து வீடு எரிந்த பிறகு பயந்துபோய்க் கூப்பிடுவார்கள். திறந்தால் உள்ளே பல்லி முட்டை இருக்கும், எறும்புப் புற்று இருக்கும், கருகிப்போன வயருக்கு நடுவில் காய்ந்த கரப்பான் கிடக்கும். தாப்பாவில் ஒரு பெரியவர், பியூஸ் அடிக்கடி போகிறதென்று பியூஸ் கம்பிக்குப் பதிலாக ஆணியைச் சொருகி வைத்திருந்தார். "அதுக்கப்புறம் போவவே இல்லம்மா" என்று பெருமை வேறு. எப்படிப் போகும்? இனிமேல் வீடுதான் போகும் என்று கத்திவிட்டேன். அவர் எனக்கு மைலோ கலக்கிக் கொடுத்து, "கோவப்படாதம்மா, பிரஷர் ஏறும்" என்றார்.

பெட்டிக்குள் வரிசையாக இருக்கும் சுவிட்சுகளில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அகலமாக இருக்கும். டிரிப் சுவிட்ச் என்போம். வீட்டில் எங்காவது கரண்டு தன் வழியை விட்டு இறங்கித் தண்ணீரிலோ ஆள் மேலோ பாய்ந்தால், கண் இமைப்பதற்குள் மொத்தத்தையும் அணைத்துவிடும். அதற்காகவே அது இருக்கிறது. அதன் முகத்தில் சின்னதாக, வட்டமாக ஒரு பட்டன் உண்டு. மாதம் ஒரு தரம் அதை அமுக்க வேண்டும். அமுக்கினால் படாரென்று வீடு அணைந்தால் நல்லது, சுவிட்ச் உயிரோடு இருக்கிறது. அணையாவிட்டால் அது செத்துவிட்டது, உடனே மாற்ற வேண்டும். இவ்வளவுதான் சமாச்சாரம். ஆனால் நான் போன வீடுகளில் அந்தப் பட்டனை அமுக்கிய ஒரு குடும்பத்தையும் பார்த்ததில்லை. ஐஸ் பெட்டி நின்றுவிடுமாம், டிவியில் நாடகம் பாதியில் போய்விடுமாம்.

நம் ஆட்கள் வீடு என்றால் பெட்டியில் இன்னொன்றும் இருக்கும். ஆயுத பூஜை வந்தால் காருக்கு, மோட்டார் சைக்கிளுக்கு, தையல் மிஷினுக்கு, அரிவாள்மணைக்கு எல்லாம் சந்தனம் குங்குமம் வைக்கிறோமே, அப்போது லெட்ரிக் பெட்டிக்கும் ஒரு பொட்டு விழும். வெளிச்சம் தருகிறதல்லவா, அதுவும் சாமிதான். நானே என் டூல் பெட்டிக்கு வைப்பேன், அதில் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஆனால் எங்கே வைக்கிறார்கள் என்று பாருங்கள். அந்த வட்டப் பட்டனைக் கண்டால் யாருக்கும் அங்கேதான் கை போகும். பொட்டுக்கென்றே செய்து வைத்த மாதிரி இருக்கும்.

இனி ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் வயரும் பிரேக்கரும் வாங்கும் கிடங்கு ஒன்று ஈப்போவில் இருக்கிறது. அங்கே வாசலில் அவர் ஜாகா, காவல்காரர். அதற்கு முன் எஸ்டேட்டில் லாரி ஓட்டினவர். எஸ்டேட்டில் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டபோது லயத்து வீடுகளில் இருந்த சனமெல்லாம் வெளியே வந்ததே, அப்படி வந்தவர்களில் ஒருவர். என் காரைக் கண்டதும் கேட்டைத் திறக்காமல் நின்றுகொண்டு, "மகாராணிக்கு என்னா வேணும்? பாஸ்போர்ட் இருக்கா?" என்பார். "கேட்டத் தொறங்கண்ணே, வெயில் மண்டையப் பொளக்குது" என்று நான் கத்துவேன். அவருக்கு அந்தக் கத்தலைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். நான் வெளியே வரும்போது ஏணியைக் கட்டின கயிற்றை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் விடுவார். என் கூடப் பிறந்தவர்கள் யாரும் அந்தக் கயிற்றை இழுத்துப் பார்த்ததில்லை.

ஒரு நாள் கேட்டில் வேறு ஆள் நின்றான். அண்ணன் குளியலறையில் விழுந்து செத்துப்போனார், மாரடைப்பாம் என்றான். ஏற்கெனவே இருதயத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், ஆஸ்பத்திரியில் அதைப் பார்த்துவிட்டு அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள். உடம்பை அறுக்க வேண்டாம், முழுசாகக் கொடுத்துவிடுங்கள் என்று வீட்டார் காலில் விழாத குறையாகக் கேட்டு வாங்கி வந்துவிட்டார்களாம். யாராக இருந்தாலும் அப்படித்தான் கேட்பார்கள். நானும் கேட்டிருப்பேன். அன்றைக்கு வாங்க வந்த சாமானை வாங்காமலே காரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

கருமாதிக்கு முந்தின நாள் அவருடைய மகன் போன் செய்தான். "அக்கா, நாளைக்குக் கூடாரம் போடுறோம், லைட்டு, பெரிய காத்தாடி எல்லாம் இழுக்கணும். வீட்டுப் பெட்டி தாங்குமான்னு வந்து பாத்துட்டுப் போறீங்களா? அப்பா உங்களப் பத்திச் சொல்லிட்டே இருப்பாரு." மறுபேச்சு இல்லாமல் கிளம்பினேன்.

பத்து காஜா ஊர்ப் பக்கத்தில், எஸ்டேட்டை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டின பழைய குடியிருப்பு அது, தாமான் என்போம். ஒரே மாதிரியான ஒட்டு வீடுகள், முதுகுக்குப் பின்னால் செம்பனை. அவர் வீட்டு வாசலில் அவருடைய செருப்பு அப்படியே கிடந்தது. உள்ளே அவர் டீ குடிக்கிற கோப்பை கழுவாமல் மேசை மேல் இருந்தது. கருமாதி முடியும்வரை அவர் தொட்ட பொருளை யாரும் நகர்த்தக்கூடாது என்று அந்த வீட்டு வழக்கம். படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கு எரிந்தது. அதன் பக்கத்தில் பாயில் அவர் மனைவி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முட்டி வலிக்காரர், கால் இரண்டையும் நீட்டி வைத்திருந்தார். நான் அவரைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நீதான் மகாராணியா?" என்று கேட்டார். தலையை ஆட்டினேன்.

செத்தவருடைய தம்பி கூடத்தில் நின்று எல்லாருக்கும் வேலை ஏவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார், என் தோளுக்குப் பின்னாலும் பார்த்தார். துக்க வீடு என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

மெயின் பெட்டி கூடத்திலேயே, சாமி மேடைக்கு மேலே இருந்தது. வருடக்கணக்கில் விளக்குப் புகை ஏறி மூடி கறுத்திருந்தது. அதைத் தொடுவதற்கு முன் கையைக் கழுவிக்கொண்டு வரலாம் என்று குளியலறைப் பக்கம் போனேன். வாசலிலேயே உறவுக்காரப் பெண்கள் இரண்டு பேர் வழி மறித்தார்கள்.

"மெதுவா போ தங்கச்சி. உள்ள அண்ணே இருக்காரு."

எனக்கு விளங்கவில்லை. "யாரு இருக்கா?"

"அவருதாம்மா," என்றாள் ஒருத்தி குரலைத் தாழ்த்தி. "அங்கதான விழுந்தாரு, இன்னும் போவல. கொழாயத் தொட்டா கையில சிலுசிலுன்னு வருது. நான் தொட்டேன், என் வீட்டுக்காரரு தொட்டாரு. நாளைக்குக் கருமாதி முடிஞ்சாத்தான் போவாரு."

அதற்குள் அவர் மனைவி, அந்த அக்கா, எழுந்து சுவரைப் பிடித்துப் பிடித்து வந்துவிட்டார். அவர் முகத்தில் அத்தனை துக்கத்துக்கு நடுவிலும் ஒரு வெளிச்சம் இருந்தது, அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். "வாம்மா, நீயும் தொட்டுப் பாரு. ஒன் மேல பிரியமா இருந்தவருதான? தெனம் காலையில நான் வந்து தொடுவேன். ஒண்ணுஞ் செய்யமாட்டாரு. கையப் புடிச்சிட்டு நிப்பாரு, அவ்வளவுதான்."

உள்ளே தரை ஈரம். வெறுங்காலோடு அவர் ஒரு படி இறங்கினார். சுவரில் பழைய ஹீட்டர். அதிலிருந்து இரும்புப் பின்னல் குழாய் இறங்கி, சுவர்க் குழாயோடு சேர்ந்திருந்தது. குழாய்க்குக் கீழே ஒரு சிவப்பு வாளி, பாதித் தண்ணீரோடு, அன்றைக்கு வைத்தபடியே இருந்தது. வெளியே ஹீட்டர் சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் போட்ட சுவிட்ச். அவர் தொட்ட பொருளை யாரும் தொடவில்லை.

அக்கா குழாயைப் பார்த்துக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் கூடத்தில் பேச்சு நின்றுவிட்டது. அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். விழப் போனவரை இடுப்போடு அணைத்து வெளியே கொண்டுவந்தேன். அவர் பயப்படவில்லை, என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சிரித்தார். "பேய்னு பயந்துட்டியா? அவரு பேயில்லம்மா."

ரப்பர் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு உள்ளே போய், கரண்டு இருந்தால் எரியும் டெஸ்ட் பென்னைக் குழாயில் வைத்தேன். பளிச்சென்று எரிந்தது. ஹீட்டரின் உடம்பில் வைத்தேன், அங்கேயும் எரிந்தது. ஐயோ கடவுளே என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

கூடத்துக்கு ஓடிப்போய் பெட்டியைத் திறந்தேன். டிரிப் சுவிட்சின் பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் சந்தனம் காய்ந்து, அதன் மேல் குங்குமம், அதன் மேல் இன்னொரு வருடத்துச் சந்தனம் என்று அடை மாதிரி ஏறியிருந்தது. ஸ்குரூ டிரைவரால் சுரண்டினேன். அமுக்கினேன், உள்ளே போகவில்லை. இன்னும் சுரண்டி, கட்டை விரல் வெளுக்கும்வரை அமுக்கினேன். கடைசியில் போயிற்று. வீடு அணையவில்லை. காத்தாடி பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹீட்டருக்குப் போகும் பிரேக்கரை இறக்கிவிட்டு, மெயினையும் அணைத்தேன். எல்லாம் நின்றது. எண்ணெய் விளக்கு மட்டும் எரிந்தது.

வீட்டுக்குப் பின்னால் போய் எர்த் கம்பியைத் தேடினேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடும் செம்புக் கம்பி அது, எல்லா வீட்டிலும் சுவரோரம் தரைக்குள் போகும். இங்கே சுவரிலிருந்து ஒரு சாண் நீட்டிக்கொண்டு நின்றது, மிச்சம் இல்லை. கட்டரால் வெட்டின சுத்தமான வெட்டு. பழைய இரும்புக் கடையில் செம்புக்கு நல்ல விலை என்று தாமான் தாமானாக வெட்டிக்கொண்டு போகிறார்களே, அந்தக் கடன்காரப் பாவிகளில் ஒருவன். அவன் கையில் என்ன கிடைத்திருக்கும், ஒரு பொட்டலம் போதை மருந்துக்குக் காணுமா?

அங்கேயே நின்று கணக்குப் போட்டேன். ஹீட்டர் உள்ளே ஓட்டை. கரண்டு இறங்க மண் இல்லை. அணைக்க வேண்டிய சுவிட்ச் செத்துக் கிடக்கிறது. இந்த மாதிரி ஹீட்டரில் வெந்நீரைத் திறந்தால்தான் முழுக் கரண்டும் வேலை செய்யும், மூடினால் கொஞ்சம்தான் கசியும். அவரைத் தூக்கினவர்கள் தண்ணீரை மூடியிருக்கிறார்கள். துக்க வீட்டில் வெந்நீர் ஆகாது என்று ஒரு பெரியம்மா சொன்னாராம், அதனால் அன்றிலிருந்து எல்லாரும் பச்சைத் தண்ணீரில் குளித்திருக்கிறார்கள். அந்தப் பெரியம்மா புண்ணியத்தில் வீடு முழுக்க உயிரோடு இருந்தது. நாளைக்குக் கருமாதி முடிந்ததும் வயதானவர்களெல்லாம் வெந்நீருக்குத்தான் போவார்கள்.

மகன் பின்னால் வந்தான். அவனிடம் மறைக்காமல் சொன்னேன். அவன் கம்பி வெட்டுப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப ஹார்ட் அட்டாக் இல்லையா?" என்றான்.

"அறுத்துப் பாத்திருந்தா சொல்லிருப்பாங்க. பாக்கல. ஆனா தம்பி, நான் இந்த வேலையில இருக்கேன். எனக்குச் சந்தேகம் இல்ல."

"அறுக்க வேணாம்னு நான்தான்கா அழுதேன்," என்றான். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மாகிட்ட மட்டும் சொல்லாதீங்கக்கா. அந்தப் பெட்டிக்கு வருசா வருசம் பொட்டு வெக்கிறது அம்மாதான். ஸ்டூல் போட்டு ஏறி வெப்பாங்க. சொல்லாதீங்கக்கா, தாங்கமாட்டாங்க."

சரி என்றேன். நிஜமாகவே சொல்லக்கூடாது என்றுதான் இருந்தேன். ஹீட்டர் லைனை வெட்டிவிடலாம், கூடாரத்துக்குத் தனி லைன் இழுத்து அதற்கு ஒரு புது டிரிப் சுவிட்ச் வைக்கலாம், கருமாதி முடிந்த பிறகு பெட்டியையே மாற்றிவிடலாம். காரணம் கேட்டால் பழசு என்று சொல்லிவிடலாம். அப்படித்தான் ஹீட்டர் வயரைக் கழற்றி டேப் சுற்றினேன், மற்றதற்கு மட்டும் கரண்டைக் கொடுத்தேன். காத்தாடி சுற்ற ஆரம்பித்தது.

நான் ஒன்றை மறந்துவிட்டேன். குழாய் இனி வெறும் குழாய்.

அக்கா எழுந்து உள்ளே போனதை நான் கவனிக்கவில்லை. அங்கிருந்து முதலில் ஒரு சத்தமும் இல்லை. பிறகு, "போயிட்டாரு" என்று கேட்டது. ஓடினோம். அவர் இரண்டு கையாலும் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிடியை மாற்றி மாற்றிப் பார்த்தார். "போயிட்டாருப்பா. கருமாதிக்கு முன்னாடியே போயிட்டாரு. நாளைக்குத்தானே போகணும்? நான் என்னா தப்பு செஞ்சேன்? சொல்லாமப் போயிட்டாரே!" என்று அலறி, ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார். செத்த அன்றைக்குக் கூட இப்படி அழவில்லை என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

பிறகு எல்லாருடைய பார்வையும் என் பக்கம் திரும்பியது. சப்பாத்துக் காலோடு உள்ளே போனாள், கத்தினாள், அவரை விரட்டிவிட்டாள் என்று. தம்பிக்காரர் முன்னால் வந்தார். "ஏம்மா, லைட்டப் பாருன்னு கூப்பிட்டா நீ என்னா வேலை பாத்து வெச்சிருக்க? எப்படி இருந்துச்சோ அப்படியே வெச்சிட்டுப் போ."

"முடியாதுண்ணே."

"என் அண்ணன் வீடு இது. நீ யாருலா முடியாதுன்னு சொல்ல?"

அவர் பெட்டியை நோக்கி நடந்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார். வயரை நான் கழற்றியிருந்ததால் அவர் எதைத் தட்டினாலும் ஒன்றும் ஆகாது, எனக்குத் தெரியும். ஆனால் அதே நேரம் அக்கா தரையிலிருந்து என் கால்சட்டையைப் பிடித்தார். "போட்டுக் குடும்மா. ஒரு தடவ. நாளைக்கு வரைக்கும். அதுக்கப்புறம் நீ என்னா வேணும்னாலும் செய்யி. நான் ஒரு தடவ தொட்டுட்டு அனுப்பிடுறேன், சாமி மாதிரி ஒன்னக் கும்புடுறேன்." கும்பிடவும் செய்தார்.

என் கோபம் எப்போதும் பயத்திலிருந்துதான் வரும், வந்தால் வாய் என்னைக் கேட்காது. "அது அவரு இல்லக்கா!" என்று கத்தினேன். "அவரு எங்க போயி கொழாயில இருப்பாரு? அது கரண்டு. ஹீட்டரு கசியுது. அவரக் கொன்னதே அதுதான். தெனம் காலையில நீங்க போயித் தொட்டுட்டு வந்தது அவரக் கொன்னத!"

மகன் கண்ணை மூடிக்கொண்டான். தம்பிக்காரர் ஸ்டூல் மேலேயே நின்றார். பெண்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள்.

அக்கா அழவில்லை. தன் உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்துச் சாதாரணக் குரலில் கேட்டார்.

"அப்ப என்னைய ஏன் விட்டுச்சு?"

பதில் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் கேட்டது வேலை சம்பந்தப்பட்ட கேள்வி, என் வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. "வெந்நீரத் தொறந்தாத்தான்க்கா முழுக் கரண்டும் வரும். நீங்க தொறக்கல. அவரு தொறந்தாரு."

அவர் திரும்பி அந்தச் சிவப்பு வாளியைப் பார்த்தார்.

"அவரு குளிக்கப் போவலம்மா," என்றார். "அவரு பச்சத் தண்ணிலதான் குளிப்பாரு, எப்பவும். எனக்கு முட்டி வலிக்குதுன்னு வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாளி வெந்நீரு புடிச்சி வெச்சிட்டுப் போவாரு. எனக்குத்தான் தொறந்தாரு."

மகன் கீழே உட்கார்ந்து அம்மாவைத் தூக்கினான். அவர் எழுந்திருக்க மறுத்து அந்த வாளியைப் பிடித்துக்கொண்டார். நான் அதன் பிறகு அங்கே நிற்கவில்லை. கூடாரத்து லைனை இழுத்தேன். ஆண்கள் பக்கம் இரண்டு காத்தாடி, பெண்கள் பக்கம் இரண்டு. ஒரு ஸ்குரூ மூன்று தரம் கீழே விழுந்தது. தம்பிக்காரர் வந்து பேசாமல் குனிந்து எடுத்துக் கொடுத்தார். போகும்போது என் ஏணிக் கயிற்றை யாரும் இழுத்துப் பார்க்கவில்லை. நானே இழுத்துப் பார்த்துக்கொண்டேன்.

மகனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு அதைக் காப்பாற்றாதவள் என்று அந்த வீட்டுச் சொந்தக்காரர்கள் சிலர் இன்றும் சொல்கிறார்களாம். சொல்லட்டும். நான் அப்படிக் கத்தாமல் போயிருந்தால், அன்றைக்கு ராத்திரியே வேறு எவனையாவது கூட்டி வந்து வயரை மாட்டியிருப்பார்கள். கருமாதிக்கு வந்த கிழவிகள் ஹீட்டரைத் திறந்திருப்பார்கள். இன்னொரு தரம் அப்படி ஒரு வீட்டில் நின்றாலும் நான் கத்தத்தான் செய்வேன். அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கனக்கவில்லை என்று மட்டும் யாரும் நினைக்க வேண்டாம்.

கருமாதி முடிந்த பிறகு போய்ப் பெட்டியை மாற்றினேன். எர்த் கம்பியை அடித்து, வெட்ட முடியாதபடி மேலே சிமெண்டு பூசினேன். ஹீட்டரைக் கழற்றி எறிந்தேன். அக்கா நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து முழு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பழைய பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது நிறுத்தினார்.

"அந்தப் பட்டன்லதான நான் பொட்டு வெச்சேன்?"

மகன் சொல்லியிருக்க மாட்டான். நான் சந்தனத்தைச் சுரண்டியதை அவரே பார்த்திருக்கிறார், மிச்சத்தைத் தானே யோசித்துப் புரிந்துகொண்டிருக்கிறார். "பழசுக்கா அது. உள்ள எல்லாம் துரு. பொட்டு வெக்காட்டியும் செத்துத்தான் போயிருக்கும்," என்றேன். வீட்டுக்கு வந்து அந்த சுவிட்சை உடைத்துப் பார்த்தேன். உள்ளே துருவும் இருந்தது, சந்தனமும் இருந்தது. எது அதைப் பிடித்து நிறுத்தியது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அக்காவிடம் நான் அதைச் சொல்லப்போவதில்லை.

முதல் வருடம் அந்த வீட்டில் பண்டிகை இல்லை. திதி கொடுத்த பிறகு வந்த ஆயுத பூஜைக்கு என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார். போனேன். வாசலில் மகனுடைய மோட்டார் சைக்கிளுக்குப் பொட்டு, உள்ளே தையல் மிஷினுக்கு, ஐஸ் பெட்டிக்கு, காத்தாடிக்கு எல்லாம் பொட்டு. மெயின் பெட்டி மட்டும் வெறுமையாக இருந்தது. சாமி மேடையை எதிர்ச்சுவருக்கு மாற்றியிருந்தார்கள்.

சாப்பிட்ட பிறகு, "இரு, இன்னிக்கு ஒண்ணாந்தேதி," என்று சொல்லி ஸ்டூலை இழுத்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறினார். நான் பிடிக்கப் போனேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். பெட்டியைத் திறந்து பட்டனைச் சுட்டு விரலால் அமுக்கினார். படாரென்று வீடு அணைந்தது. காத்தாடி மெல்ல மெல்ல நின்றது. அண்ணன் படத்துக்கு மேலே எரிந்த சின்ன பல்பும் அணைந்தது. அடுப்படியில் மருமகள், "அம்மா, குக்கர்ல ராத்திரிச் சோறு பாதிதான் வெந்திருக்கு!" என்று சலித்துக்கொண்டாள். அக்கா அதைக் காதில் வாங்காமல் சுவிட்சை மேலே தள்ளினார். எல்லாம் திரும்ப வந்தது.

"நல்லாருக்குக்கா," என்றேன். "நல்லா வேலை செய்யுது."

அவர் இறங்கிக் குளியலறைக்குப் போனார். மாதா மாதம் இப்படித்தான் போவாராம், மருமகள் பிறகு சொன்னாள். நான் பின்னாலேயே போனேன். ஹீட்டர் இருந்த இடத்தில் சுவர் மட்டும் வெளுத்துக் கிடந்தது. கீழே அந்தச் சிவப்பு வாளி கவிழ்த்து வைத்திருந்தது. அவர் வெறுங்காலோடு ஈரத்தில் இறங்கி, உள்ளங்கை முழுக்கப் பதியக் குழாயைப் பிடித்தார். அப்படியே நின்றார். நான் பல தரம் சோதித்த குழாய்தான், இருந்தும் பிடித்து இழுக்க என் கை தானாக முன்னால் போயிற்று.

"ஒண்ணுமில்ல," என்றார். கையை எடுக்கவில்லை.

"ஆமாக்கா. ஒண்ணுமில்ல. பயமில்ல இனிமே."

"ஒண்ணுமே இல்லம்மா," என்றார் மறுபடியும்.